கடலோரம் பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கிளம்பும் பெற்றோருக்கு

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் படிக்கவைக்கலாம் என்று நினைக்கும் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே தங்கினீர்கள், வாடகை எவ்வளவு, பிள்ளைகள் என்ன கற்றார்கள், பரீட்சைக்கு என்ன செய்வீர்கள். பக்கத்தில் எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரி எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கிளம்புவதற்கு முன்னால் அதை எனக்குச் சொல்லவும் ஆள் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் என் மகனைத் திருக்கை மீன் குத்தியதில் நாங்கள் பட்டதை அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். கணவருக்குக் கத்தாரில் வேலை. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. மகன் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டான். மகள் பள்ளிக்கே போனதில்லை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது, ஆனால் வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. பத்தாம் வகுப்புக்கு ஈடான தேர்வை 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். அதுவரை கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்கட்டும் என்று நானும் கணவரும் பேசி எடுத்த முடிவு இது. அவர் போனிலும் விடுமுறையிலும் துணை. மற்றபடி அன்றாடம் நான் ஒருத்திதான்.

கடலுக்காக ராமநாதபுரத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. ஒரே மாவட்டத்தில் ரெண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் சாலையின் இந்தப் பக்கம் அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், அந்தப் பக்கம் இரைந்துகொண்டு கிடப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் புரளும். ஆனி, ஆடியில் தென்கடல் புரளும். புத்தகத்தில் 'பருவக்காற்று' என்று ஒரு பாடமாகப் படிப்பதை என் மகள் எந்தப் பக்கத்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன என்று பார்த்தே சொல்லக் கற்றுக்கொண்டாள்.

நாங்கள் வீடு எடுத்தது உச்சிப்புளியை அடுத்து வடகடல் ஓரமாக இருந்த ஒரு சின்ன ஊரில். தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அங்கிருந்து பாம்பனுக்குப் போவோம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் நடுவில் ரெண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் வகை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே போகும். ஏன் மாற்றினார்கள், எதில் எடை எங்கே இறங்குகிறது என்று மகன் அட்டையும் நூலும் வைத்துச் செய்து பார்த்தான். 1964 டிசம்பர் புயலில் உடைந்த பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்த கதையை ஊரில் ஒரு பெரியவர் சொன்னார். அந்த வாரம் முழுக்க வீட்டில் புயல் பேச்சுதான்.

மகளுக்குப் பாசி எடுக்கும் பெண்களைத்தான் பிடித்தது. விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்குவார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுவார்கள். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டு லாத்தா, அதாவது முஸ்லிம் அக்கா, கொடுத்த கடல்பாசி இனிப்பு இந்த மாதிரிப் பாசியில் இருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதையெல்லாம் சொல்வது, நடந்தது நடந்த பிறகும் நான் ஏன் இந்த வழியை விடவில்லை என்பதற்காக.

மாசி மாதம். கடல் குளம் போலக் கிடந்தது. சாயங்காலம் தண்ணீர் வற்றி, முழங்கால் அளவில் வெகுதூரம் நடந்து போகலாம். அடியில் மணல், இடையிடையே தாழை என்று அவர்கள் சொல்லும் கடற்புல். பிள்ளைகள் ரெண்டு பேரும் வாளியோடு நண்டு தேடிக்கொண்டிருந்தார்கள், நான் கைக்கெட்டும் தூரத்தில். மகன் திடீரென்று "அம்மா, ஏதோ குத்திருச்சு" என்றான். குரலில் பெரிய பயம்கூட இல்லை. அவன் காலடியில் கலங்கிய மணலில் இருந்து விசிறி மாதிரி ஒன்று சட்டென்று நழுவிப் போனதை நான் பார்த்தேன். திருக்கை.

கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குச் சற்றுக் கீழே, சிறு கீறல். அவ்வளவுதான் தெரிந்தது. கரைக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவன் அலற ஆரம்பித்துவிட்டான். அந்த மாதிரி அவன் அழுது நான் கேட்டதில்லை. தொடை வரைக்கும் வலி ஏறுகிறது என்று கத்தினான். காயத்தைச் சுற்றி முதலில் வெளுத்து, அப்புறம் நீலம் பாய்ந்தது. மகள் வாளியைப் பிடித்தபடியே நின்று அழுதாள். ஆள் கூடியது. ஒருவர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார், ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார், ஒருவர் கயிறு எடுத்துக் காலைக் கட்ட வந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார ஆத்தாதான் எல்லோரையும் விலக்கிவிட்டு, "ஒன்னும் வைக்காதிய. சுடுதண்ணி கொண்டாங்க. தாயி, நீ அழுவாத, பிள்ளையப் பிடி" என்று சத்தம் போட்டார்.

சோறு வடிக்கும் பானையில் தண்ணீர் காய்ச்சி, குளிர்ந்த தண்ணீர் கலந்து அண்டாவில் ஊற்றினார்கள். ஆத்தா முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்த்தார், அப்புறம் என் கையை. நமக்குத் தாங்கும் சூடுதான், கொதி கிடையாது. மகன் காலை உள்ளே விட்டதும் கொஞ்ச நேரத்தில் அலறல் விசும்பலாகக் குறைந்தது. தண்ணீர் ஆறும்போதெல்லாம் காலை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுச் சூடு சேர்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளியே எடுத்தால் வலி திரும்பியது, உள்ளே விட்டால் அடங்கியது.

இது வெறும் கைவைத்தியம் இல்லை. திருக்கையின் விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும். மருத்துவர்களும் இதையேதான் முதலில் செய்கிறார்கள்: தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சூட்டைக் குத்துப்பட்ட காலால் சோதிக்கக் கூடாது, வலியில் அந்தக் காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். ரத்தம் கொட்டினால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறிவிடாதீர்கள். முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. அப்படியே அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். 2006-ல் ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் பட்ட திருக்கைக் குத்தினால்தான். காலில் பட்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலி உயிர் போகிற வலி. இதற்கு மாற்று மருந்து என்று தனி ஊசியும் கிடையாது.

இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. எங்களைப் படுத்தியது இதற்கு அப்புறம் நடந்தது.

இருட்டிய பிறகு ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். காயத்தைக் கழுவினார்கள், டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டார்கள், ரெண்டு தையல் போட்டுக் கட்டிவிட்டார்கள். "முள்ளு உள்ள இருக்குமோ சார்?" என்று கேட்டேன். "இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்மா" என்றார்கள். எக்ஸ்ரே அங்கே இல்லை. வேறெங்காவது போய் எடுக்கவும் சொல்லவில்லை. ஊசி, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ஆனது. பிள்ளை தூங்கிவிட்டான் என்ற நிம்மதியில் நானும் தூங்கினேன்.

சில நாளில் கணுக்கால் வீங்கியது. தையல் போட்ட இடம் சிவந்து பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது, தொட்டால் சுட்டது. அப்புறம் காய்ச்சல். ராத்திரி பத்து மணிக்கு மேல் உடம்பு அனலாக, என்னென்னவோ பேச ஆரம்பித்தான். கணவருக்குப் போன் போட்டால் அவரும் அழுகிறார், அவரால் என்ன செய்ய முடியும். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கார் பேசி, ரெண்டு பிள்ளைகளையும் பின்சீட்டில் மடியில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன். பரமக்குடி தாண்டும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் காருக்கே நாலாயிரத்து ஐந்நூறு.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்த உடனே தெரிந்துவிட்டது. முள்ளின் நுனி உடைந்து உள்ளே இருந்தது. திருக்கையின் வால்முள் ரம்பம் போல ரெண்டு பக்கமும் பல் உள்ளது. உள்ளே போகும்போது ஒரு மாதிரி, இழுக்கும்போது வேறு மாதிரி கிழிக்கும். மேலே ஒரு உறையும் உண்டு, அது கிழிந்து காயத்துக்குள் தங்கும். கடல்தண்ணீரில் இருக்கும் கிருமி வேறு. இப்படிப்பட்ட காயத்தை மேலே இறுக்கித் தைத்துவிட்டால் உள்ளே சீழ் கட்ட இடம் கொடுத்த மாதிரி, திறந்துவிட்டுத்தான் ஆற வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தையலைப் பிரித்து, மயக்கம் கொடுத்து, சீழையும் துணுக்கையும் எடுத்தார்கள். வெள்ளைத் தட்டில் அந்தத் துணுக்கைக் காட்டினார்கள். என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை, ஓரத்தில் மட்டும் ரெண்டு பல் தெரிந்தது. மகன் கண் விழித்ததும் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரிச் செலவு முப்பத்தெட்டாயிரம். பங்குனியில் கீழக்கரைப் பக்கம் தென்கடலோரம் போய்த் தங்கக் கொடுத்திருந்த முன்பணம் ஆறாயிரமும் திரும்பவில்லை. மொத்தம் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதில் முக்கால்வாசி, முதல் நாள் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் ஆகியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், திருக்கைக் குத்து என்றால் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரேயில் தெரியாமல் வலியும் வீக்கமும் தொடர்ந்தால் ஸ்கேன் கேளுங்கள். தைக்கப் போனால், திறந்து வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படிக் கேட்பதற்காக மருத்துவர் கோபப்பட்டால் படட்டும். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாங்கள் அந்த ஊர் வழியாகத்தான் மதுரைக்குப் போனோம். பதற்றத்தில் உறவுக்காரர்கள் சொல்லும் ஊர்தான் காதில் விழும். அமைதியாக இருக்கும் ஒரு பகலில், தங்குகிற வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வரை ஒருமுறை போய் அவசரப் பிரிவின் வாசல் எது என்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

குத்து வாங்காமல் இருப்பதற்கும் வழி உண்டு. மீனவர்கள் ஆழம் குறைந்த தண்ணீரில் நடப்பதைக் கவனித்தால் தெரியும்: காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், மணலைத் தேய்த்தபடி தள்ளிக்கொண்டே போவார்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கைக்கு அந்த அதிர்வு தெரிந்துவிடும், விலகிப் போய்விடும். அது யாரையும் தேடி வந்து குத்துவதில்லை, மேலே மிதித்தால் வால் தானாகத் திரும்பும். செருப்போ ரப்பர் ஷூவோ போட்டிருந்தாலும் முள் துளைக்கும், அதை நம்பி வேகமாக நடக்கக் கூடாது. முன்னால் ஒரு கம்பால் தட்டிக்கொண்டே போவதும் நல்லது. இப்போது நாங்கள் கடற்கரைக்குப் போனால் பெரிய பிளாஸ்கில் வெந்நீரும் ஒரு சின்ன வாளியும் கண்டிப்பாக வரும்.

சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் வேறு முறை. மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்லதண்ணீர் ஊற்றக் கூடாது. கடல்தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

தீவு பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த மாதிரி இறங்க முடியாது. படகில் ஏற ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் காரங்காடு நல்ல இடம், வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள், அலையாத்திக் காட்டுக்குள் போய் வரலாம். பிள்ளைகள் எடுத்து வருகிற பொருட்களையும் பாருங்கள். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் இவற்றை வைத்திருப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், செத்துக் கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும்.

இன்னொன்று, நான் அதிகம் யோசிப்பது இதைத்தான். அந்த முதல் ராத்திரி கிளினிக்கில் நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "பத்து வயசு ஊசி ஸ்கூல்ல போட்டிருப்பாங்களே, எந்த மாசம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டிடி ஊசி 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. அதைச் சுகாதாரத் துறைக்காரர்கள் பள்ளிக்கே வந்து போட்டுவிட்டுப் போவதால் பெற்றோர் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குழந்தைப் பருவ அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததால் முடிந்துவிட்டது என்றே இருந்தேன். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரை, பள்ளியில் வந்து பார்க்கும் கண், பல் பரிசோதனை எல்லாமே இப்படித்தான். வீட்டுக்கல்வி பற்றிப் பேசும்போது பாடத்திட்டத்தைப் பேசுகிறோம், தேர்வைப் பேசுகிறோம். பள்ளி ஒரு பிள்ளைக்குச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இந்தக் காவலை யார் எடுத்துக்கொள்வது என்று பேசுவதே இல்லை. பிள்ளையைக் கடலுக்கும் காட்டுக்கும் கூட்டிப்போகிற நமக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். வீட்டில் படிக்கிறான் என்றேன். எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ராமநாதபுரத்தில் என்ன செய்கிறீர்கள், பிள்ளைக்கு அப்பா எங்கே என்று அடுத்தடுத்துக் கேள்வி. அவர் கேட்டதில் தப்பில்லை, அடிபட்ட பிள்ளை, தெரியாத ஊர். ஆனால் அந்த நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. மாமியார் போனில், "பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா எம் பேரனுக்கு இப்படி ஆகுமா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். இப்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, கணவரின் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், பிள்ளைகளின் நோட்டுகளில் தேதி போட்ட சில பக்கங்கள், எல்லாம் ஒரே பையில் இருக்கின்றன. போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வழியில் உங்களுக்குத் துணையாக ராத்திரியில் கூப்பிட ஒரு உள்ளூர் ஆளின் எண்ணும் வேண்டும். எங்களுக்கு அது அந்த ஆத்தா.

கால் ஆற மாதக்கணக்கில் ஆனது. மகன் கொஞ்ச நாள் தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்றான்; நான் வற்புறுத்தவில்லை. ஆத்தாவின் மகன்தான் ஒருநாள் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மணலைத் தேய்த்து நடக்கக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் வைகாசி வரை அங்கேதான் இருந்தோம்.

உங்கள் பிள்ளை 10 வயதைத் தாண்டியிருந்து பள்ளிக்குப் போகாதவர் என்றால், எங்கே கிளம்புவதற்கும் முன்னால் பக்கத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். வழக்கமாகப் புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டையைக் கொண்டுபோங்கள், டிடி ஊசியைக் கேளுங்கள், போட்ட தேதியை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். காசு கிடையாது.